மாமாவுக்கு ஒரு கிளாஸ்

எங்கள் குப்பத்தில் இன்றைக்கும் என்னைப் பார்க்கிறவர்கள், "வெயில்ல தண்ணி இல்லாம ஓடி வுழுந்துட்டியாமே" என்றுதான் விசாரிக்கிறார்கள். எத்தனை பேருக்குத்தான் வாய் வலிக்கச் சொல்வது? நான் தண்ணீர் இல்லாமல் விழவில்லை. தண்ணீரைக் குடித்துக் குடித்து விழுந்தேன். குடி குடியைக் கெடுக்கும் என்று சாராயத்துக்குத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். பச்சைத் தண்ணீரும் அந்த வேலையைச் செய்யும் என்பது ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இனிமேல் ஓடப் போகிறவர்களுக்காவது உதவட்டும் என்று இதைச் சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல என் மகள் திவ்யா டைப் அடிக்கிறாள். நடுவில் அவள் மூக்கை நுழைத்தால் நான் பொறுப்பில்லை.

என் பெயர் வசந்தி. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் வீடு. மறைமலைநகரில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் வேலை. திவ்யா செங்கல்பட்டில் காலேஜ் படிக்கிறாள். என் வீட்டுக்காரர் கன்னியப்பன், கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். இரண்டு கிட்னியும் கெட்டுப்போய், சில வருஷம் டயாலிஸிஸில் தள்ளி, போன வருஷத்துக்கு முந்தின ஆடியில் போய்ச் சேர்ந்தார்.

டயாலிஸிஸ் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ரத்தத்தை வெளியே எடுத்து, மெஷினில் சுத்தம் செய்து, திரும்ப உள்ளே விடுவது. வாரத்தில் மூன்று நாள் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் செங்கல்பட்டுக்குப் போய் நாற்காலியில் சாய்ந்து கிடப்பார். கிட்னி வேலை செய்யாததால் சிறுநீர் இறங்காது. குடித்த தண்ணீர் போக வழியில்லாமல் உடம்பிலேயே நின்று காலை வீங்க வைக்கும், நெஞ்சில் ஏறி மூச்சு முட்டும். அதனால் ஒரு நாள் முழுவதற்கும் ஒரு சின்ன பாட்டில் தண்ணீர்தான் அவருக்கு. காபி, ரசம் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். உப்பும் ஆகாது. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்ற பழமொழி தப்புச் செய்தவனுக்குச் சொன்னது. எங்கள் வீட்டில் அது மருத்துவம்.

கடலில் பிழைத்த மனுஷனுக்குக் கருவாடு இல்லை. அவருக்கு ஒரு குழம்பு, எங்களுக்கு ஒரு குழம்பு என்று வைக்க எனக்கு மனசு வரவில்லை. வீடு முழுவதுக்கும் உப்பை நிறுத்தினேன். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். எங்கள் வீட்டுச் சாப்பாட்டைத் தின்பதற்குப் பூனைகூட யோசிக்கும். அவர் போன பிறகும் என் கை உப்பு ஜாடி பக்கம் போகவில்லை. நாக்கு பழகிவிட்டது. திவ்யா மட்டும் தட்டு ஓரத்தில் ஊறுகாய் வைத்துக்கொண்டு எனக்குத் தெரியாத மாதிரி தின்பாள்.

உப்பு மாதிரியே தண்ணீரையும் நிறுத்தப் பார்த்தேன். அந்த மனுஷன் நாக்கு வறண்டு ஐஸ் துண்டைச் சப்பிக்கொண்டிருக்கும்போது, எதிரில் நின்று நான் எப்படி ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடிப்பேன்? கம்பெனியில் குடிக்கலாம் என்றால், லைனை விட்டு பாத்ரூம் போவதற்கு மாற்று ஆள் கேட்க வேண்டும், அதனால் அங்கேயும் குடிக்க மாட்டேன். நீர்க்கடுப்பு வந்தது. உட்கார முடியாது, நிற்க முடியாது. வாயைத் திறக்காமல் ஓட்டினேன். மாமா எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். ஒரு சாயங்காலம் நான் பஸ் இறங்கி வீட்டுக்கு வந்ததும், சொம்பு நிறையத் தண்ணீரை மொண்டு என் எதிரில் வைத்தார்.

"குடி வசந்தி."

"எனக்கு வாணாம் மாமா."

"உனக்கு இல்ல, எனக்கு. நீ குடிச்சா எனக்குத் தொண்ட நனைஞ்சாப்புல கீது. பாத்துகினு இருந்தாலே தாகம் அடங்கிடுது. வோணும்னா குடிச்சுப் பாரு."

குடித்தேன். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும் "அப்பாடா" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டார். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. வேலை விட்டு வந்ததும் அவர் எதிரில் உட்கார்ந்து ஒரு சொம்பு குடிப்பேன். நான் அம்மா வீட்டுக்குப் போனால் போன் வரும். "குடிச்சியா? எனக்கு இங்க நாக்கு ஒட்டிகினு கீது" என்பார். நான் ஓடிப் போய்க் குடித்துவிட்டு, "குடிச்சிட்டேன் மாமா" என்பேன். கட்டிக்கொண்டவருக்கு என்னால் ஆனது இதுதான் என்று நினைத்துக்கொள்வேன். அவர் போன பிறகு சாயங்காலம் அந்த நேரம் வந்தால் எனக்கு என்ன செய்வதென்றே தெரியாது.

எங்கள் கம்பெனியில் ஹேமா என்று ஒரு பெண். ஞாயிற்றுக்கிழமைகளில் நீண்ட தூரம் ஓடுகிறவள். செங்கல்பட்டில் மாமா போன டயாலிஸிஸ் சென்டரில் மெஷின் போதாமல் ஜனங்கள் காத்துக்கிடப்பார்கள். ஒரு மெஷினும் நாற்காலியும் வாங்கிக் கொடுப்பதற்காக ஒரு மாரத்தான் நடத்தப் போகிறார்கள், ஓடுகிறவர்கள் தெரிந்தவர்களிடம் நன்கொடை வாங்கி ஓட வேண்டும், நீயும் வா என்றாள். மாரத்தான் என்றால் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் என்று தெரிந்திருந்தால் அங்கேயே கும்பிடு போட்டிருப்பேன். சரி என்று சொன்ன பிறகுதான் சொன்னாள்.

கம்பெனி பஸ் இறக்கிவிடும் இடத்திலிருந்து குப்பம் வரைக்கும் தினமும் ஓடிப் பழகினேன். முதல் வாரம் பூராவும், "இன்னா வசந்தி, யாரு தொரத்துறாங்க?" என்று கேட்டார்கள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டார்கள். மாசக்கணக்கில் ஓடினேன். வேகம் கிடையாது. நடப்பதற்குக் கொஞ்சம் மேலே. ஹேமா ஆயிரம் சொல்லிக் கொடுத்தாள். உப்புக் கலந்த பானம் கொடுப்பார்கள், அதையும் நடுநடுவே குடி என்றும் சொன்னாள். உப்பு என்றதும் என் காது மூடிக்கொண்டது.

தை மாசம், விடிவதற்கு முன்னால் மாமல்லபுரத்தில் கிளம்பினோம். தெற்கே கடற்கரைச் சாலையில் பாலாற்றுப் பாலம் வரைக்கும் போய்த் திரும்பி வர வேண்டும். சட்டையின் முதுகில் மாமா போட்டோவை அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். மீசையும் கீசையுமாய், நோய் வருவதற்கு முன்னால் எடுத்தது. முதல் தண்ணீர் மேசையில் ஒரு கிளாஸ் நீட்டினார்கள். குடித்தேன். குடித்ததும் என்ன தோன்றியதோ, "இன்னொண்ணு குடு" என்று வாங்கினேன். இது மாமாவுக்கு என்று மனசுக்குள் சொல்லிக் குடித்தேன். நெஞ்சு நிறைந்துவிட்டது. இரண்டு வருஷமாய் எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்த ஒன்றை வைக்க இடம் கிடைத்த மாதிரி இருந்தது.

அப்புறம் விடவில்லை. ஒவ்வொரு மேசையிலும் எனக்கு ஒன்று, மாமாவுக்கு ஒன்று. தாகம் இருந்ததா என்று கேட்டால், இல்லை. சாகும் வரைக்கும் தண்ணீருக்கு ஏங்கிய மனுஷனுக்கு இன்றைக்கு ஒருநாள் வயிறாரக் கொடுக்கிறோம் என்ற எண்ணம்தான். எங்கள் குப்பத்துக்குத் திரும்பும் வளைவில் என் கொழுந்தன் தேசப்பன் நீர்மோர்ப் பந்தல் போட்டிருந்தான். அண்ணன் பேரில் போட்டது.

"அண்ணி, மோரு குடி. உப்பு, இஞ்சியெல்லாம் போட்டுக்கீது."

"உப்பா? வாணாம்பா. பச்சத் தண்ணி குடு."

அவன் குனிந்து பந்தலுக்கு அடியிலிருந்து மாமாவின் சொம்பை எடுத்தான். என் வீட்டிலிருந்து எனக்குத் தெரியாமல் திவ்யாவிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறான். அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நிறைய ஊற்றிக் கொடுத்தான். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன். திரும்பி வரும்போதும் அதே சொம்பில் இன்னொரு தடவை குடித்தேனாம். அது எனக்கு ஞாபகம் இல்லை.

பாலாற்றுப் பாலத்தைத் தொட்டுத் திரும்பியது ஞாபகம் இருக்கிறது. வெயில் ஏறியிருந்தது. எல்லோரும் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். வயிறு குலுங்கிக் குலுங்கிச் சத்தம் போட்டது. வாட்ச் பட்டை மணிக்கட்டில் இறுகியது, விரல்கள் வீங்கியிருந்தன. தலை பின்னந்தலையிலிருந்து வலித்தது. காய்ந்து போய்விட்டேன் போலிருக்கிறது, தண்ணீர் பற்றவில்லை என்று நினைத்து இன்னும் குடித்தேன். என் அறிவுக்கு எட்டிய வைத்தியம் அது.

மிச்சத்தை ஹேமாவும் தேசப்பனும் சொல்லித்தான் தெரியும். ஓடி முடித்துவிட்டு ஹேமா என்னைத் தேடி எதிர்த் திசையில் வந்திருக்கிறாள். பந்தலைத் தாண்டிச் சாலையோரம் உட்கார்ந்து நான் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேனாம். என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, "டயாலிஸிஸுக்கு நேரமாவுது, மாமா உள்ள போயிட்டாரு, செருப்ப வெளியதான் வுடணும்" என்றேனாம். சுற்றி நின்றவர்கள், பாவம் வெயிலில் வறண்டுவிட்டாள் என்று இரக்கப்பட்டு வாயில் இன்னும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். வாந்தி எடுத்தேன், கைகால் வெட்டி இழுத்தது, நினைவு போய்விட்டது. ஆம்புலன்ஸில் போட்டுச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

ஆஸ்பத்திரியில் முதலில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு. கசிவு இல்லை, வீக்கம் இருந்தது. ரத்தப் பரிசோதனை வந்ததும் டாக்டரம்மா வெளியே வந்து, "எவ்வளவு தண்ணி குடிச்சாங்க?" என்று கேட்டிருக்கிறார். தேசப்பன், "நெறைய குடிச்சாங்க டாக்டர், கொறையே வெக்கல" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறான். டாக்டரம்மா முகத்தைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு ஏதோ புரிந்து, அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டானாம்.

ரத்தத்தில் சோடியம் என்று ஒன்று இருக்கிறது. நாம் தின்கிற உப்பில் இருப்பதுதான். அது எனக்கு அதல பாதாளத்துக்கு இறங்கியிருந்தது. டாக்டரம்மா பிறகு எனக்கு விளக்கினார். "ரசம் வெச்சிருக்கீங்க. அதுல குடம் குடமா தண்ணிய ஊத்தினா உப்பு என்ன ஆகும்? எங்கேயும் போகாது, ஆனா நாக்குக்குத் தெரியாது. உங்க ரத்தம் அப்படி ஆயிடுச்சு. நீண்ட நேரம் ஓடும்போது உடம்பே தண்ணியை வெளிய விடாம பிடிச்சு வெச்சுக்கும். மேல மேல குடிச்சா அது மூளைக்குள்ள போய் ஊறும். கொண்டக்கடலை ஊறினா பெருசாகுதில்ல, அந்த மாதிரி. ஆனா மண்டையோடு விரியாதே." நான் வருஷக்கணக்காக உப்பில்லாமல் சமைப்பதைச் சொன்னேன். "அதுவும் கொஞ்சம் சேர்ந்திருக்கும். ஆனா முக்கியமான குற்றவாளி தண்ணிதான்" என்றார்.

அதற்கு மருந்து உப்புத் தண்ணீர். கெட்டியான உப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றுகிறார்கள். வேகமாக ஏற்றினால் அதுவும் மூளைக்குக் கெடுதலாம். அதனால் சும்மா சும்மா ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். கடலுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்து, கடலில் கால் வைக்காத நாளில்லை, அப்படிப்பட்ட எனக்கு உப்பைக் காசு கொடுத்து உடம்பில் ஏற்றினார்கள். நல்ல வேளையாகக் கம்பெனி இன்சூரன்ஸ் கைகொடுத்தது. மிச்சத்தைத் தேசப்பன் பார்த்துக்கொண்டான். எப்படி என்று கேட்டால் வேறு பேச்சுப் பேசுவான்.

நான் ஐ.சி.யு.வில் நினைவில்லாமல் கிடந்தபோது கையெழுத்துப் போட்டதெல்லாம் திவ்யா. அதே செங்கல்பட்டில், அப்பாவுக்காகக் கையெழுத்துப் போட்டுப் பழகிய விரல்தான். நான் கண்ணைத் திறந்தபோது கட்டிலோரம் நின்றிருந்தாள். என் பெயரைக் கேட்டாள், சொன்னேன். அவள் பெயரைக் கேட்டாள், சொன்னேன். "அப்பா எங்க?" என்று கேட்டாள். நான் கொஞ்சம் யோசித்து, "அப்பா இல்லியே" என்றேன். அப்போதுதான் அவளுக்கு உயிர் வந்தது. அம்மாவுக்குப் புத்தி திரும்பிவிட்டது என்று தெரிந்துகொள்ள அந்தப் பெண்ணுக்கு இருந்த வழி அது ஒன்றுதான். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் தாங்கவில்லை.

பிறகு கோபம் வந்தது அவளுக்கு. அழுதால்கூடச் சமாளித்திருப்பேன். மெதுவாகத்தான் பேசினாள்.

"அப்பா தண்ணி இல்லாம போனாரு. நீ தண்ணியக் குடிச்சே போவப் பாத்த. நான் இன்னாம்மா பண்ணுவேன், வூட்ல ஒத்தையா?"

அவள் கையைப் பிடிக்கப் போனேன். கையில் ஊசி குத்தியிருந்ததால் அதுவும் முடியவில்லை.

வாந்தி எடுத்தபோது அது கொஞ்சம் நுரையீரலுக்குள் போய்விட்டிருந்தது. அதனால் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. மூக்குக்கும் வாய்க்கும் சேர்த்து ஆக்சிஜன் மூடி மாட்டினார்கள். வார்டுக்கு மாற்றிய பிறகும் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. இப்படிக் காய்ச்சல் இருக்கும்போது உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம், அதனால் சோடியம் நிலைக்கும் வரை தண்ணீர் அளந்துதான் என்றார் டாக்டரம்மா. ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில். காபியும் அதற்குள் அடக்கம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க நெஞ்சு இடம் கொடுக்கவில்லை.

ஐயா, அம்மா, தாகம் என்றால் என்னவென்று நமக்குத் தெரியாது. தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நமக்குத் தெரிந்ததெல்லாம் தண்ணீருக்கு முந்தின ஐந்து நிமிஷம். மூடியிலிருந்து வரும் காற்று வாயை உலர்த்திக்கொண்டே இருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி, பிரிக்கும்போது வலித்தது. பக்கத்துக் கட்டிலில் அச்சரப்பாக்கத்து அம்மா ஒருவர் தட்டு கழுவினால் எனக்கு அந்தச் சத்தம் காதுக்குள்ளேயே நிற்கும். வார்டு பாத்ரூம் குழாய் சொட்டுவதை மனசு விடாமல் கேட்டுக்கொண்டிருக்கும். இதில் மாமா வருஷக்கணக்காக இருந்தார், ஒரு நாளும் எரிந்து விழவில்லை. வலை பின்னிக்கொண்டு, வருகிறவர் போகிறவரிடம் கதை பேசிக்கொண்டு இருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டவள் நான்தான். ஆனால் அவருடைய தாகம் எவ்வளவு என்று எனக்கு அந்தக் கட்டிலில்தான் தெரிந்தது.

தேசப்பன் தினமும் வருவான். சாப்பாடு கொண்டு வருவான், என் முகத்தைப் பார்க்க மாட்டான். ஒருநாள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவன், "எங்கண்ணன் சொம்புலயே ஊத்திக் குடுத்து உன்ன அனுப்பப் பாத்தேன் அண்ணி" என்று முகத்தை மூடிக்கொண்டான்.

"நீ ரெண்டு சொம்புதான குடுத்த. நான் வழி நெடுக குடிச்சிகினு வந்தேன். போ, மொகத்தக் கழுவிகினு வா" என்றேன். போனவன் திரும்பி வந்து முதல் முறையாக என்னைப் பார்த்தான். ஹேமா ஒருநாள் மெடலோடு வந்தாள். முடிக்காதவளுக்கு எதற்கு மெடல் என்று திருப்பிக் கொடுத்தேன். மெஷினுக்குப் பணம் சேர்ந்துவிட்டது என்றாள். அது போதும் என்றேன்.

இதற்கிடையில் திவ்யாவிடம் ஒன்றைக் கவனித்தேன். அவள் என் எதிரில் தண்ணீர் குடிப்பதில்லை. அவளுடைய பாட்டில் பைக்குள்ளேயே இருக்கும். வெளியே போய்க் குடிக்கிறாள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். ஒரு மத்தியானம் தேசப்பன் அவளைத் தோளில் தாங்கி அழைத்து வந்தான்.

"கீழ மாத்திர வாங்கற எடத்துல மயங்கி உக்காந்துட்சு அண்ணி. நர்ஸம்மா பாத்துட்டு, தண்ணியே குடிக்கிறதில்லயான்னு திட்டுறாங்க."

திவ்யா என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள். உதடு வெடித்திருந்தது. வெளியே போயும் குடிக்கவில்லை. எனக்கு இல்லாதது அவளுக்கும் வேண்டாம் என்று இருந்திருக்கிறாள். பிள்ளை யாரைக் கொண்டிருக்கிறது என்று கேட்க வேண்டியதே இல்லை.

"பாட்டில எடு. குடி" என்றேன்.

"வாணாம்மா. அப்பறம் குடிக்கிறேன்."

"இப்ப குடி. என் எதிர்ல."

"உன் எதிர்ல எப்பிடிம்மா குடிக்கிறது?"

என் வாயில் வந்தது மாமாவின் பேச்சு. "உங்கப்பாவுக்கு நான் குடிப்பேன் இல்ல? அது மாதிரி எனக்கு நீ குடி. பாத்தாலே தாகம் அடங்கிடும்டி."

அதை அவள் ஸ்கூல் நாளிலிருந்து பார்த்திருக்கிறாள், நம்பியும் இருக்கிறாள், நான் நம்பிய மாதிரியே. பாட்டிலை எடுத்துத் திறந்தாள். என்னைப் பார்த்தபடியே குடிக்க ஆரம்பித்தாள். நான் காத்திருந்தேன். உண்மையாகவே காத்திருந்தேன், தொண்டை நனையும் என்று.

நனையவில்லை. அவள் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்க்கப் பார்க்க என் தொண்டை பற்றி எரிந்தது. முகவாயில் ஒரு சொட்டு வழிந்தது. அதை எட்டி நக்கிவிடலாமா என்று இருந்தது, பெற்ற மகள் என்றுகூடத் தோன்றவில்லை. அவள் குடிக்காமல் இருந்தபோது பொறுத்துக்கொள்ள முடிந்த தாகம், குடிப்பதைப் பார்த்ததும் பொறுக்க முடியாமல் போயிற்று. பாட்டிலைப் பிடுங்கிவிடாமல் இருக்க நான் போர்வையைப் பிடித்துக்கொண்டேன்.

பார்த்தால் தாகம் அடங்காது. பச்சைப் பொய். எனக்கு நீர்க்கடுப்பு என்று தெரிந்த அன்றைக்கு, நான் தண்ணீர் குடிப்பதற்காக அந்த மனுஷன் கட்டிய பொய். அதைச் சொல்லிவிட்டு, தினமும் சாயங்காலம் என் எதிரில் உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீர் என் தொண்டையில் இறங்குவதைக் கண்ணை எடுக்காமல் பார்த்திருக்கிறார். பார்த்து முடித்து "அப்பாடா" என்று வேறு சொல்லியிருக்கிறார். ஒரு நாளா, இரண்டு நாளா? நான்தான் அவருக்காகக் குடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதே நினைப்பில் சாலை நெடுக அவருக்கென்று கிளாஸ் கிளாஸாகக் குடித்துச் சாகப் பார்த்திருக்கிறேன். எனக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. உள்ளுக்குள் அழுதேன், அவர் செத்த அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை.

திவ்யா பாட்டிலை இறக்கினாள். "அடங்கிச்சாம்மா?"

"அடங்கிடுச்சு" என்றேன். நெஞ்சைத் தடவிக்கொண்டேன். "அப்பாடா. இன்னும் கொஞ்சம் குடி."

அவள் குடித்தாள். டிஸ்சார்ஜ் ஆகிற வரைக்கும் தினமும் என் எதிரில் உட்கார்ந்து குடித்தாள். ஒவ்வொரு முறையும் கேட்டாள், ஒவ்வொரு முறையும் அடங்கிவிட்டது என்றேன்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக உப்பு ஜாடியைக் கழுவிக் காய வைத்து நிரப்பினேன். முதல் நாள் வைத்த மீன்குழம்பை வாயில் வைத்துவிட்டுத் திவ்யா இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டாள். புது மெஷின் சென்டருக்கு வந்துவிட்டது. அதில் முதலில் உட்கார்ந்தவர் அணுபுரம் பக்கத்து ஆட்டோக்காரர் என்று கேள்விப்பட்டேன். அவர் வீட்டுக்காரி நேரத்துக்குத் தண்ணீர் குடிக்கிறாளா என்று விசாரிக்க வேண்டும்.

ஓடப் போகிறவர்களுக்குச் சொல்ல வந்தது இவ்வளவுதான். தாகம் எடுத்தால் குடியுங்கள். எடுக்காவிட்டால் யாருக்காகவும் குடிக்காதீர்கள். நீண்ட தூரம் என்றால் உப்புள்ளதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓடுகிறவர்களுக்கு வயிறு உப்பி, கைவிரல் வீங்கி, தலை வலித்து, பேச்சு தடுமாறினால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள், எவ்வளவு குடித்தார்கள் என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

இங்கே முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் பொய் என்று நான் சொன்ன இடத்திலேயே டைப் அடிக்கிற சத்தம் கொஞ்ச நேரம் நின்றிருந்தது. பிறகு திவ்யா தொடர்ந்து அடித்தாள். நான் சொல்லி முடித்ததும் எழுந்து உள்ளே போனாள். மாமாவின் சொம்பில் தண்ணீரை மொண்டு வந்து என் எதிரில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"குடி."

"எனக்குத் தாகம் இல்லடி."

"எனக்குக் கீது" என்றாள். கண் நிறைந்திருந்தது. "நீ குடி, நான் பாக்கறேன்."

டாக்டரம்மா சொன்னது ஞாபகம் இருந்ததால் பாதிதான் குடித்தேன். மீதியை அவள் குடித்தாள்.